ஸ்மார்ட் போர்டு இருக்கிறதுங்க, சாயங்காலம் இருக்க ஓர் ஆள்தான் வேண்டும்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கத்து அரசுப் பள்ளிகளுக்கு உதவி செய்கிற அறக்கட்டளைகள், தொண்டு நிறுவனங்கள், கம்பெனிகளின் சி.எஸ்.ஆர் (சமூகப் பொறுப்பு நிதி) பிரிவில் இருப்பவர்கள், ரோட்டரி, லயன்ஸ் நண்பர்கள் எல்லாருக்கும்,

வணக்கமுங்க.

நான் காங்கேயம் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது அதே பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். நீங்கள் பள்ளிக்கு வருகிற நாட்களில் உங்களை வரவேற்று, எச்.எம் ரூமில் உட்கார வைத்து டீ கொடுத்து, "என்னங்க வேணும் உங்க ஸ்கூலுக்கு?" என்று நீங்கள் கேட்டதும் பட்டியலை எடுத்து நீட்டுகிறவர்களில் நானும் ஒருத்தி. அந்தப் பட்டியலில் எழுதத் தயங்கி நாங்கள் எப்போதும் விட்டுவிடுகிற ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெஞ்ச், பீரோ, பெயின்ட், மோட்டார், தண்ணீர் டேங்க் என்று எழுதிக் கொடுத்துவிடுவோம். அதற்கெல்லாம் விலை உண்டு, கொட்டேஷன் வாங்கலாம், மார்ச்சுக்குள் பில் போட்டுவிடலாம், உங்களுக்கும் வேலை சுலபம். எங்களுக்கு உண்மையில் வேண்டியது ஆள்ங்க. ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு சாயங்காலம் பள்ளி விட்டதிலிருந்து ஆறு மணி வரைக்கும் உட்கார்ந்து, தமிழைத் தடுமாறாமல் வாசிக்கவும் பெருக்கி வகுக்கவும் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிற ஓர் ஆள். அதுவும் இந்த வருஷம் வந்துவிட்டு அடுத்த வருஷம் வேறு மாவட்டத்துக்குப் போய்விடுகிறவராக இல்லாமல், மூன்று வருஷமாவது இதே பள்ளிக்கு வருகிறவர்.

ஏன் ஒன்பதும் பத்தும் என்று சொல்கிறேன். கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் நிறைவேறி 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அது ஆறு வயதிலிருந்து பதினாலு வயது வரைக்கும்தான், எட்டாம் வகுப்போடு அதன் பொறுப்பு முடிந்துவிடுகிறது. இன்னொரு பக்கம், குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-இல் திருத்தினார்கள். பதினாலு வயதுக்குக் கீழே வேலைக்கு வைக்கக்கூடாது என்றார்கள், ஆனால் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு விலக்கும் வைத்தார்கள். பதினாலிலிருந்து பதினெட்டு வரைக்கும் ஆபத்தான வேலைகளுக்கு மட்டும்தான் தடை. இரண்டு சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். பள்ளியில் இருந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் முடிகிற அதே வயதில் வேலைக்குப் போகலாம் என்ற கதவு திறக்கிறது, நம்ம பக்கத்தில் அந்தக் கதவுக்கு வெளியே கம்பெனி வேன் தயாராக நிற்கிறது. பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டலாம், கைமடிக்குப் போகலாம், தறிக்குப் போகலாம், தேங்காய்க் களத்துக்குப் போகலாம், சனிக்கிழமையானால் கையில் சம்பளம். பதினஞ்சு வயசுப் பையனுக்கு இது எவ்வளவு பெரிய இழுப்பு என்று திருப்பூரில் தொழில் செய்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடத்தில் பிள்ளையைப் பிடித்து நிறுத்த யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். 2022-இல் தொடங்கிய காலை உணவு ஐந்தாம் வகுப்பு வரைக்கும். அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடக்கப் பள்ளிக்கு. கொரோனாவுக்குப் பின்னால் 2021-இல் வந்த, தன்னார்வலர்கள் சாயங்காலம் சொல்லிக்கொடுத்த 'இல்லம் தேடிக் கல்வி' எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். அந்தப் பக்கம் பிளஸ் டூவைத் தாண்டிவிட்டால் கைகொடுக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். பெண் பிள்ளைக்குப் புதுமைப் பெண், பையனுக்கு 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கிவைத்த தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். மருத்துவத்திலும் பொறியியலிலும் 7.5 சதவீத இடஒதுக்கீடு, கல்லூரியில் சேர்த்துப் படிக்க வைக்க அகரம் மாதிரி அமைப்புகள். எல்லாம் நல்லது, மனதார வாழ்த்துகிறேன். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் கை நழுவுகிற பிள்ளை அந்தக் கரைக்கு வந்தே சேராதே. 2025-இல் அரசு 'திறன்' என்று ஆறிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் அடிப்படைத் தமிழ், ஆங்கிலம், கணக்குக்கு ஒரு திட்டம் கொண்டுவந்திருக்கிறது, நல்ல காரியம்தான். அதையும் நடத்த வேண்டியது ஏற்கெனவே எமிஸ் (பிள்ளைகளின் விவரங்களை ஆன்லைனில் ஏற்றுவது) பதிவும் பாடமும் தேர்தல் வேலையுமாக ஓடிக்கொண்டிருக்கிற அதே டீச்சர்தான்.

நிலைமை எவ்வளவு மோசம் என்று சொல்ல உங்களில் ஒருவருடைய கணக்கையே எடுக்கிறேன். பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 2005-இலிருந்து 'அசர்' என்ற பெயரில் கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் வீடு வீடாகப் போய்ப் பார்த்து அறிக்கை போடுகிறது. 2023-இல் பதினாலிலிருந்து பதினெட்டு வயதுப் பிள்ளைகளை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள், நாடு முழுக்க 28 மாவட்டங்கள், தமிழ்நாட்டில் பெரம்பலூர். மொத்தத்தில் கால்வாசிப் பேருக்குத் தாய்மொழியில் இரண்டாம் வகுப்புப் பாடத்தையே சரளமாக வாசிக்க வரவில்லை. மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் 43 சதவீதம்தான். பதினாலு வயதுக்கு மேலே.

இந்த 43 சதவீதத்துக்கு வெளியே நிற்கிற பிள்ளை எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரியும். என் வகுப்பில் ஒருவன் இருந்தான், ஒன்பதாம் வகுப்பு, கடைசி பெஞ்ச். வீட்டில் நாலு விசைத்தறி. அப்பா தறி ஓட்ட இவன் ராத்திரி தார் (தறிக் குச்சியில் நூல்) சுற்றிப் போட்டுவிட்டுக் காலையில் கண் சிவந்து வருவான். ஒருநாள் 840-ஐ 4-ஆல் வகு என்று நோட்டில் எழுதிக் கொடுத்தேன். பென்சிலை உருட்டிக்கொண்டே இருந்தான், எதுவும் எழுதவில்லை. சரி என்று பேச்சை மாற்றி, "நேத்து தறி எத்தனை மீட்டர் ஓடுச்சு?" என்றேன். "தறிக்கு முப்பத்தஞ்சு மீட்டருங்க மிஸ், நாலு தறியும் ஓடுச்சு." "மீட்டருக்கு ஆறு ரூபா கூலின்னு வெச்சுக்கோ, எவ்வளவு?" மூச்சு விடுகிற நேரத்தில், "எண்ணூத்தி நாப்பதுங்க மிஸ், அதுல கரண்டுக்குப் போகணும்" என்றான். "ஒரு தறிக்கு எவ்வளவு?" "இருநூத்திப் பத்து." நான் நோட்டில் எழுதியிருந்ததும் அதே கணக்குத்தான். நோட்டில் போட்டிருந்த அந்த வகுத்தல் கோடுதான் அவனுக்குத் தெரியவில்லை, அவன் மண்டைக்குள் ஓடுகிற கணக்கும் அந்தக் கோடும் ஒன்றுதான் என்று ஒன்பது வருஷத்தில் யாரும் அவனோடு உட்கார்ந்து சொல்லவில்லை.

அன்றைக்கு எனக்கும் நேரம் இல்லை. ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் கண மொழியில் (செட் தியரி) தொடங்குகிறது, போர்டில் வெட்டும் சேர்ப்பும் பாதியில் நின்றது, மிச்ச நாற்பது பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாளைக்குச் சாயங்காலம் இருடா, சொல்லித்தருகிறேன் என்றேன். அவன் இருக்கவில்லை, தார் சுற்றப் போக வேண்டும். பத்தாம் வகுப்பு அரையாண்டுக்கு அப்புறம் பள்ளிக்கே வரவில்லை. எத்தனையோ பிள்ளைகளை அப்படி விட்டிருப்பேன், ஆனால் இவனை நினைத்தால் இப்போதும் எனக்குத் தூக்கம் போய்விடும், ஏனென்றால் இவனுக்குத் தேவைப்பட்டது ஒரு மாதச் சாயங்காலம், அவ்வளவுதான்.

இதே காலத்தில்தான் எங்கள் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்தது. கொடுத்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை, நல்ல மனசோடுதான் கொடுத்தார்கள். ஒரு வாரம் முன்னால் அளவெடுக்க ஆள் வந்தது, அப்புறம் ஃப்ளெக்ஸ் வந்தது, பிள்ளைகளை வெயிலில் நிற்க வைத்து ஒத்திகை பார்த்தோம், விழா நடந்தது, போட்டோ எடுத்தார்கள். ஒரு வருஷம் நன்றாகவே ஓடியது. ஒரு மழைநாள் மின்சாரம் ஏறி இறங்கியதில் திரையில் பாதி கறுத்துப்போனது. கொடுத்திருந்த போன் நம்பருக்கு அழைத்தால், அந்தப் பொறுப்பில் இருந்தவர் வேலை மாறிவிட்டார், புதிதாக வந்தவருக்கு எங்கள் பள்ளியின் பெயரே தெரியவில்லை. ரிப்பேருக்கு விசாரித்தால் பள்ளி மானியத்தில் அடங்குகிற தொகை இல்லை. தூசி படக்கூடாது என்று எச்.எம் வீட்டிலிருந்து ஒரு சென்னிமலைப் பெட்ஷீட் கொண்டுவந்து போர்த்தினார், இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. தண்ணீர் சுத்திகரிக்கிற மெஷினும் அதே கதைதான், ஃபில்டர் மாற்றக் காசு யார் தருவது என்று முதல் நாளே யாரும் பேசவில்லை.

தயவுசெய்து பொருள் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பொம்பளைப் பிள்ளைகளின் கழிப்பறைக்குக் கதவும் தண்ணீரும் இல்லாத பள்ளி இன்னும் இருக்கிறது, அங்கே முதலில் அதைத்தான் செய்ய வேண்டும், செய்யும்போது தினமும் கழுவ ஆளுக்குச் சம்பளத்தையும் சேர்த்துச் செய்யுங்கள். புத்தகம், செருப்பு, பை, பஸ் பாஸ், சத்துணவு எல்லாம் அரசு கொடுக்கிறது. நீங்களும் பை கொடுத்தால் பிள்ளைக்கு இரண்டு பை ஆகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி எனக்கு நம்பிக்கை கொடுத்த விஷயத்துக்கு வருகிறேன்.

கொரோனாவுக்கு அப்புறம் 2021 செப்டம்பரில் ஒன்பதிலிருந்து பிளஸ் டூ வரைக்கும் பள்ளி திறந்தார்கள். அடுத்த வருஷம் எங்கள் பள்ளிக்கு ஒரு சின்ன அறக்கட்டளையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். பனியன் தொழிலில் ஜாப் ஒர்க் செய்கிற நண்பர்கள் சேர்ந்து நடத்துகிற அறக்கட்டளை, பெயரை எங்கேயும் போட வேண்டாம் என்று அவர்களே சொல்லியிருப்பதால் நான் எழுதவில்லை. வந்தவர்கள் கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை, எதுவும் தருகிறோம் என்றும் சொல்லவில்லை. மூன்று நாள் சும்மா வந்து உட்கார்ந்தார்கள். சத்துணவு ஆயாவிடம் பேசினார்கள், வாட்ச்மேனிடம் பேசினார்கள், பஸ் ஸ்டாப்பில் பிள்ளைகளோடு நின்றார்கள். நாலாவது நாள் எச்.எம்மிடம், "ஸ்பெஷல் கிளாஸ் வெச்சா ஏனுங்க பசங்க இருக்க மாட்டீங்கறாங்க?" என்று கேட்டார்கள். பசங்களுக்கு அக்கறை இல்லைங்க என்று எச்.எம் சொல்ல, நாங்களும் தலையாட்டினோம். அவர்களில் பெரியவர் மெதுவாகச் சொன்னார், "அக்கறை இல்லாம இல்லைங்க. பன்னெண்டரைக்குச் சாப்பிட்ட சோறு. நாலு மணிக்கே பசி எடுத்துருது. நாலே முக்கால் டவுன் பஸ்ஸ விட்டா அடுத்தது ஏழரைக்கு. பொம்பளப் புள்ளைய ஏழரை பஸ்ஸுல எந்த அம்மா விடும்?"

இருபது வருஷத்துக்கு மேல் அந்தப் பள்ளியில் வேலை பார்த்த எனக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் யாரும் அதை ஒரு பிரச்சினையாக எடுத்து வைத்துப் பேசியதில்லை, மெல்லக் கற்போர் பட்டியல் என்று எழுதி அலுவலகத்துக்கு அனுப்பினோம், அவ்வளவுதான்.

அவர்கள் செய்தது மூன்றே காரியம். ஒன்று சுண்டல். ஒருநாள் கொண்டைக்கடலை, ஒருநாள் தட்டைப்பயறு, ஒருநாள் பாசிப்பயறு, தேங்காய்த் துருவல் போட்டு ஒரு டம்ளர் அளவு. சத்துணவு ஆயாவுக்கே தனியாகச் சம்பளம் பேசி அவரையே செய்யச் சொன்னார்கள். இரண்டாவது வண்டி. ஆறே காலுக்கு ஒரு மினி வேன், தோட்டத்துச் சாளைகளில் (தோட்டத்து வீடுகளில்) இருக்கிற பிள்ளைகளை வாசலிலேயே இறக்கிவிட்டு வரும், கடைசிப் பிள்ளை இறங்கியதும் டிரைவர் எச்.எம்முக்கு போன் பண்ணிவிட வேண்டும். மூன்றாவது, பக்கத்து ஊரில் பி.எட் முடித்துவிட்டு வீட்டில் இருந்த ஒரு பெண்ணை முழுச் சம்பளத்தில் வேலைக்கு எடுத்து எங்கள் பள்ளிக்கு அனுப்பினார்கள். தன்னார்வலர் என்று சொல்லி மாதம் ஆயிரமோ இரண்டாயிரமோ கொடுக்கவில்லை. பி.எஃப் பிடித்து, நியாயமான சம்பளம்.

அந்தப் பெண் முதல் மாதம் பாடப் புத்தகத்தையே தொடவில்லை. பஸ் போர்டு, ரேஷன் கடை அறிவிப்பு, பால் சொசைட்டி அட்டை, தறிக் கூலி நோட்டு என்று பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்ததை வைத்தே வாசிக்க வைத்தாள், கணக்குப் போட வைத்தாள். ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தால் அவன் மானம் போய்விடும், அடுத்த நாள் வர மாட்டான். அது அவளுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு நாள் சேர்ந்தாற்போல் ஒரு பிள்ளை வராவிட்டால் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள். சண்டைக்கில்லை, சும்மா உட்கார்ந்து பழமை பேசிவிட்டு, "நாளைக்கு அனுப்பி வைங்கம்மா" என்று சொல்லிவிட்டு வருவாள். சத்தியமாகச் சொல்கிறேன், பாடம் நடத்தியதைவிட அந்த வீட்டுக்குப் போனதுதான் அதிகம் வேலை செய்தது. எங்களால் அப்படிப் போக முடியவில்லை, ஒரு டீச்சருக்கு நாலு வகுப்பு.

முதல் வருஷம் மார்க்கில் ஒன்றும் தெரியவில்லை, காலாண்டும் அரையாண்டும் எப்போதும் போலத்தான். உங்களில் பலர் அந்த இடத்தில்தான் கிளம்பிவிடுகிறீர்கள் என்பதால் இதைக் குறிப்பாக எழுதுகிறேன். அவர்கள் கிளம்பவில்லை. மூன்றாவது வருஷம் அந்த வகுப்பில் தொடர்ந்து இருந்த பதினாலு பேர் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதினார்கள். பதினோரு பேர் பாஸ். மீதி மூன்று பேரில் இரண்டு பேர் துணைத்தேர்வு எழுதித் தேறினார்கள். ஒரு பெண் துணைத்தேர்வு எழுதவில்லை, மில்லுக்குப் போய்விட்டாள், டீச்சர் நாலு முறை வீட்டுக்குப் போயும் முடியவில்லை. அந்தப் பதினாலு பேரும் ஒன்பதாம் வகுப்பில் எந்த நிலைமையில் வந்தார்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் இது எவ்வளவு பெரிய காரியம் என்றும் எனக்குத் தெரியும்.

இதையெல்லாம் சி.எஸ்.ஆர் கணக்கில் காட்ட முடியாது என்று ஒரு நண்பர் சொன்னார். காட்டலாம்ங்க. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆவது பிரிவுதான் மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை ஒதுக்கச் சொல்கிறது, கல்வி அந்தப் பட்டியலில் இருக்கிறது. தொடங்கிய நிதியாண்டு போக மூன்று நிதியாண்டுகள் வரைக்கும் நீள்கிற தொடர் திட்டத்துக்கு விதியிலேயே இடம் உண்டு, அந்த வருஷம் செலவாகாத பணத்தைத் தனிக் கணக்கில் வைத்து அதற்கே செலவிடலாம். நிர்வாகச் செலவுக்கு 5 சதவீதம் என்ற வரம்பு கம்பெனியின் பொது நிர்வாகத்துக்குத்தான், திட்டத்தை நேரடியாக நடத்துகிற செலவு அதில் வராது. ஆகவே பள்ளிக்கு வருகிற டீச்சரின் சம்பளம் திட்டச் செலவுதான். உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மார்ச் மாதம் அவசர அவசரமாக பெஞ்ச் வாங்கி இறக்குவதற்குச் சட்டம் காரணம் இல்லை.

பணத்தை நேராகப் பள்ளிக்குக் கொடுக்க விரும்பினால் 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' இருக்கிறது, பள்ளியைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கலாம். ஆனால் அதிலும் முதலில் பள்ளியில் வந்து உட்கார்ந்து பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

நம்ம பக்கத்துக்கு இது புதுசு கிடையாது. அவினாசிலிங்கம் செட்டியார் 1930-இல் கோவையில் ராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கியபோது அதுவும் அரசு சாரா முயற்சிதான், அவரே பின்னால் சென்னை மாகாணக் கல்வி அமைச்சரானார். காமராஜர் காலத்தில், 1958-இலிருந்து ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தபோது கல்வி அமைச்சராக இருந்தவர் பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்துக்காரர் சி. சுப்பிரமணியம், கல்வித் துறையை நடத்தியவர் நெ.து. சுந்தரவடிவேலு. ஊரார் நிலம் கொடுத்தார்கள், பெஞ்ச் கொடுத்தார்கள், மணி கொடுத்தார்கள், பிள்ளைகளுக்குச் சட்டை கொடுத்தார்கள். வாத்தியாரை அரசாங்கம் கொடுத்தது. அன்றைக்குப் பள்ளியில் இல்லாதது பொருள், அதனால் ஊர் பொருள் கொடுத்தது. இன்றைக்கு இல்லாதது நேரமும் ஆளும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். காலியாக இருக்கிற ஆசிரியர் பணியிடத்தை நீங்கள் நிரப்ப வேண்டாம். கணக்கு டீச்சர் போஸ்டிங் இல்லை, ஒரு ஆளைப் போட்டுக் கொடுங்கள் என்று எச்.எம் கேட்பார், பாவம் அவருக்கும் வேறு வழி தெரியாது. நீங்களும் போட்டுக் கொடுத்தால் வகுப்பு ஓடும், அந்த இடம் காலி என்ற சத்தம் அடங்கிப்போகும், போஸ்டிங் இன்னும் இரண்டு வருஷம் தள்ளிப்போகும். 2022-இல் அரசே மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களைப் போட்டது, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000 ரூபாய் என்று தொடங்கி அப்புறம் 15,000 ஆக்கினார்கள். அந்தச் சம்பளத்தில் வருகிறவர் எத்தனை நாள் இருப்பார்? கட்டாயம் போட்டுத்தான் ஆகவேண்டும் என்ற நிலைமை வந்தால் போடுங்கள், அன்றைக்கே மேலாண்மைக் குழுவில் தீர்மானம் எழுதி, இந்த இடம் இந்தத் தேதியிலிருந்து காலி என்று மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கு (சி.இ.ஓ) கடிதம் போடுங்கள், அதில் உங்கள் லெட்டர்ஹெட்டும் இருக்கட்டும். எங்கள் கடிதத்தைவிட உங்கள் கடிதத்தைச் சீக்கிரம் பிரிக்கிறார்கள், அதுதான் உண்மை. கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது, அதில் வந்து பள்ளியைப் பற்றி எழுந்து பேசுங்கள். பள்ளிக் கல்விக்கு மத்திய அரசு தருகிற சமக்ர சிக்ஷா நிதியில் 2,152 கோடி ரூபாய் வரவில்லை என்று தமிழ்நாடு அரசு 2025-இல் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. நீங்கள் எல்லாரும் சேர்ந்தாலும் அந்த இடத்தை நிரப்ப முடியாது, நிரப்பவும் கூடாது. அதை மத்திய அரசும் மாநில அரசும்தான் செய்ய வேண்டும்.

யாரை அனுப்புகிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். 2024-இல் சென்னையில் அரசுப் பள்ளிக்குள் ஒருவரைத் தன்னம்பிக்கைப் பேச்சுக்குக் கூப்பிட்டு, அவர் பிள்ளைகளிடம் முற்பிறவிப் பாவம் பற்றிப் பேசியது உங்களுக்கு நினைவிருக்கும். எழுந்து நின்று கேள்வி கேட்டவர் பார்வையற்ற ஓர் ஆசிரியர். அதனால் யார் வந்தாலும் பள்ளிக்கு எழுத்தில் முன்கூட்டியே சொல்லுங்கள், போலீஸ் சரிபார்ப்புச் சான்று கொடுங்கள், டீச்சர் ஒருவர் கூட இல்லாமல் பிள்ளைகளோடு தனியாக யாரையும் விடாதீர்கள். அப்புறம் போட்டோ. வாசிக்க வராத பிள்ளையை முன்னால் நிற்க வைத்து எடுக்கிற போட்டோவை அவன் அத்தை மகன் போனில் பார்ப்பான், அந்தப் பிள்ளை அடுத்த வாரம் வர மாட்டான்.

நூறு சதவீதம் பாஸ் வேண்டும் என்றும் எங்களிடம் கேட்காதீர்கள். அப்படிக் கேட்கிற இடத்தில் எல்லாம் பத்தாம் வகுப்புக்கு முன்னாலேயே, "டி.சி வாங்கிட்டு ஐ.டி.ஐ-ல சேர்ந்துக்க" என்று பலவீனமான பிள்ளையை மெதுவாக வெளியே அனுப்புகிற வேலை நடக்கிறது. ஜூன் மாதம் ஒன்பதில் சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் அடுத்த மார்ச்சிலும் பள்ளியில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

உங்களால் சுலபமாக முடிகிற இன்னொன்றும் இருக்கிறது. திருப்பூரைச் சுற்றியுள்ள பள்ளிகளில் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கிறார்கள். ஒன்றாம் வகுப்பிலேயே சேர்ந்தவர்கள் நம்ம பிள்ளைகளைவிட நன்றாகத் தமிழ் எழுதுகிறார்கள். பன்னிரண்டு, பதிமூன்று வயதில் வந்து எட்டாம் வகுப்பில் உட்காருகிற பிள்ளைக்குத்தான் திண்டாட்டம். இந்தியும் தமிழும் தெரிந்த ஒருவர் வாரம் மூன்று சாயங்காலம் வந்தால் போதும். அப்படி ஆள் தேடிப் போட உங்களுக்கு எந்தத் தடையும் இல்லை. மலையில் என்ன செய்யலாம் என்று தெரிய வேண்டுமானால் சத்தியமங்கலம், கடம்பூர், பர்கூர்ப் பக்கம் சுடர் மாதிரி அமைப்புகள் வருஷக்கணக்கில் ஊருக்குள் இருந்து வேலை செய்வதைப் போய்ப் பாருங்கள். ஒரு காலத்தில் திருப்பூரில் குழந்தைத் தொழிலாளர்களை மீட்டுச் சிறப்புப் பள்ளி நடத்தியவர்களும், கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று சொல்லி இளம்பெண்களை வேலைக்கு எடுத்த மில்களின் சுமங்கலித் திட்டத்தைப் பற்றி வெளியே பேசியவர்களும் தொண்டு நிறுவனங்கள்தானே. அந்தத் துணிச்சலைத்தான் உயர்நிலைப் பள்ளி வகுப்பறைக்கும் கொண்டுவரச் சொல்கிறேன்.

எங்கள் பள்ளியில் அந்தச் சின்ன அறக்கட்டளையின் மூன்று வருஷம் முடிந்துவிட்டது. இன்னும் ஒரு வருஷம் தாக்குப்பிடிக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள், ஜாப் ஒர்க் முன்னே மாதிரி இல்லை, அவர்களுக்கும் கஷ்டம். பக்கத்தில் இருக்கிற மூன்று உயர்நிலைப் பள்ளிகளில் இப்படி ஒன்றும் இல்லை. ஒரு பள்ளிக்கு ஓர் ஆள் சம்பளம், வேன் வாடகை, சுண்டல் செலவு, இதற்கு மேல் எதுவும் வேண்டாம். கணக்கை எழுதி வைத்திருக்கிறேன், கேட்டால் காட்டுகிறேன்.

ஜூனில் பள்ளி திறந்ததும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிப் பட்டியல் எடுப்போம், அதற்கு இரண்டு, மூன்று வாரம் ஆகும். ஜூலை முதல் வாரம் வந்தால் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு பேசலாம். சால்வை, மாலை எதுவும் கொண்டுவர வேண்டாம். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வாங்க, வகுப்பில் பின்னால் உட்காருங்க, ஆறே கால் வேனில் பிள்ளைகளோடு ஏறிக் கடைசிச் சாளை வரைக்கும் போயிட்டு வாங்க. வரும் வழியில் டிரைவர் எச்.எம்முக்கு போன் பண்ணுவார், அதையும் கேட்டுவிட்டுப் போங்க.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருத்தி,
காங்கேயம் வட்டம்.